மந்திரி மகளும் ஒரு கிண்ணம் பருப்புச் சோறும்

முன்னொரு காலத்தில் செங்கழனி என்ற நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். சிங்காசனத்தில் உட்காரும்போது அவனுக்கு ஒரு எண்ணம், சாய்ந்துகொள்ளும்போது வேறொரு எண்ணம். அவனைக் கட்டி மேய்த்துவந்தவர் மந்திரி அறவாழி.

ஒருநாள் மந்திரி சபைக்குத் தாமதமாக வந்தார். தலைப்பாகையில் பருப்புச் சோறு ஒட்டியிருந்தது.

"மன்னிக்க வேண்டும் அரசே. நாலு வயது மகள் தேனம்மைக்குச் சோறூட்டிவிட்டு வருகிறேன். பாதி அவள் வயிற்றில், பாதி என்மேல்."

சேனாதிபதி கடகராயருக்கு மந்திரி பதவிமேல் வெகுநாளாக ஒரு கண். "ஒரு கிண்ணம் சோறு ஊட்டத் தெரியாதவரா நாட்டைக் காக்கிறார்? என் ஒரு உறுமலுக்கு ஏழு கோட்டைகள் கதவு திறந்தன. ஒரு குழந்தை வாய் திறக்காதா?"

ராஜாவுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. "நாளைக்குக் குழந்தை சபைக்கு வரட்டும். சேனாதிபதியாரே, நீர் ஒரு கிண்ணம் சோற்றையும் ஊட்டி முடித்தால் மந்திரி பதவி உமக்கு. தோற்றால்?"

"என் மீசையை எடுத்துவிடுகிறேன்!"

சபையே சிரித்தது. மந்திரிக்கு மட்டும் பயம் வந்துவிட்டது. வீட்டில் குரங்காக ஆடுகிற தேனம்மை, வேற்று மனிதரைக் கண்டால் பூனைக்குட்டியாகிவிடுவாள். "இந்தத் தங்கத்தையா குறை சொல்கிறீர்?" என்று அவரையே திட்டிவிட்டுப் போன விருந்தாளிகள் எத்தனை பேர்!

மறுநாள் அவர் பயந்தபடியே நடந்தது. சேனாதிபதி சோற்றை நீட்ட, தேனம்மை சமத்தாக வாய் திறந்தாள். இரண்டாவது வாயும் உள்ளே போயிற்று. மூன்றாவதை மென்றுகொண்டே, "நல்லாருக்கு மாமா" என்றாள்.

பெற்ற மகளே பிழைப்பில் மண் அள்ளிப் போடுகிறாளே என்று மந்திரி தவித்தார். சட்டென்று அவருக்கு ஒன்று தோன்றியது. மகளிடம் குனிந்து குழைவாகச் சொன்னார்: "கண்ணு, அப்பா சொல்றேன் கேளு. மாமா ஊட்டுறதை ஒரு பருக்கை விடாம சாப்பிட்டுடணும்."

தேனம்மை அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். வாய் பூட்டிக்கொண்டது.

சேனாதிபதி கெஞ்சினார். பிறகு உறுமினார்.

"ஏன் மாமா கத்துறீங்க? யானை மாதிரி கத்துங்க."

பிளிறினார்.

"யானை நாலு கால்லதானே நடக்கும்?"

ஏழு கோட்டை பிடித்த வீரர் முழங்காலிட்டுச் சபையைச் சுற்றிவந்தார். முதுகில் சவாரி செய்தவள் மிச்சக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்து, "யானையைக் குளிப்பாட்டியாச்சு!" என்று கைதட்டினாள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த நொடியே முகம் மாறியது. "ஒரு சிறுமியிடம் தோற்றவரா என் சேனாதிபதி? மீசை போதாது. நாடு கடத்துகிறேன்!"

கடகராயர் ராஜாவின் காலில் விழுந்தார். மந்திரிக்கே பாவமாக இருந்தது. எழுந்து வணங்கினார்.

"சரியான தீர்ப்பு அரசே. நான் சொல்கிறேன், இப்போதே துரத்திவிடுங்கள். ஒரு நாழிகைகூடத் தாமதிக்கக் கூடாது."

"நீர் சொல்லி நான் செய்வதா?" ராஜா காலை உதைத்தான். "முடியாது! சேனாதிபதி இங்கேதான் இருப்பார். மீசையை எடுத்தால் போதும்!" அதோடு தன் முத்துமாலையைக் கழற்றி, "பிள்ளை வளர்க்கிற உம் பொறுமைக்கு" என்று மந்திரியின் கழுத்தில் போட்டான்.

நாவிதர் வருவதற்குள் கடகராயர் ராஜாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி மந்திரியின் காதருகே வந்தார். மீசையிலிருந்து பருப்பு சொட்டியது.

"மந்திரியாரே, இவரை எத்தனை வருஷமாக இப்படி வளர்க்கிறீர்?"

"தேனம்மை பிறப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே."