பிடரியில் உட்கார்ந்த மச்சான்

அந்தக் காலத்தில் எறும்பும் பேசும், நண்டும் பேசும். ஆனால் மூச்சு மட்டும் எவருக்கும் தானாக வராது. "இழு, விடு" என்று ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மறந்தால் ஆள் காலி. அதனால் யாரும் நீளமாகப் பேசியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அது நல்ல காலம்தான். ஒருவர் தூங்கினால் இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தட்டித் தட்டி மூச்சு வாங்க வைக்க வேண்டும்.

கடற்கரை ஊர் ஒன்றில் மாசாணன் என்று ஒருவன் சங்கு குளித்துப் பிழைத்தான். மகா பிடிவாதக்காரன். அவன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பவன் கொம்பையா, மாசாணனின் மனைவி பேச்சிக்கு அண்ணன். ஒரு நாள் மாசாணன் கடலடியில் ஒரு வலம்புரிச் சங்கைப் பார்த்துவிட்டான். அப்புறம் மூச்சாவது ஒன்றாவது! மூச்சு முட்டுவது என்ற ஒன்றே அப்போது உலகத்தில் கிடையாது. மேலே வர மறந்து, அப்படியே மயங்கிச் சரிந்தான். கயிறு அசையவில்லையே என்று சந்தேகப்பட்டுத்தான் கொம்பையா இழுத்தான்.

கரையில் போட்டு நெஞ்சை அமுக்கியதில் உயிர் திரும்பியது. கண் திறந்ததும், "நாளைக்கும் போவேன். அந்தச் சங்கை விடமாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு மணலிலேயே தூங்கிப்போனான்.

பேச்சி அவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டே அழுதாள். "அண்ணே, நாளைக்கு இவரு பொணமாத்தான் வருவாரு. நீ முன்னாலேயே இழுத்துரக் கூடாதா?"

"கீழ இவன் உசுரு எந்த நெலமையில கெடக்குன்னு மேல இருக்கிற எனக்கு எப்படித் தாயி தெரியும்?"

மணலில் அரிசி தூக்கிக்கொண்டு போன இரண்டு எறும்புகள் நின்றன. "எங்களுக்குத் தெரியும். ரத்தத்துல காத்து குறைஞ்சா மோப்பம் பிடிச்சிருவோம். கழுத்துல பக்கத்துக்கு ஒருத்தரா உக்காந்துக்கிறோம். ஆனா எங்களால கடிக்கத்தான் முடியும். மூச்சை இழுத்து விட ஒரு ஆளு வேணுமே."

"நான் இழுக்கிறேன்" என்றான் கொம்பையா.

"அதுக்குப் பிடரிக்குள்ள உக்காரணும். இந்த அரிசியைத் தின்னா எங்க அளவு ஆயிருவே. திரும்ப வளர முடியாது, வெளியே வரவும் முடியாது. ஒரு நொடி கண்ணசரக் கூடாது."

"வேணாம்ணே!" என்று பதறினாள் பேச்சி.

"சும்மா இரு. நீ தாலி அறுக்கிறதைப் பாக்கவா நான் கயிறு பிடிச்சேன்?" அரிசியை வாயில் போட்டுக்கொண்டான்.

மூவரும் காது வழியாக உள்ளே போனார்கள். எறும்புகள் கழுத்துக்கு இறங்கின. கொம்பையா பிடரியில், மூளைக்கு அடியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பேச்சி தட்டுகிற கையை மெல்ல எடுத்தாள். மாசாணனின் நெஞ்சு தானாக ஏறியது, தானாக இறங்கியது. சந்தோஷப்படுவதா, அண்ணனை நினைத்து அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

மறுநாள், அண்ணன் வரமாட்டான் என்று மட்டும் சொல்லி அவள் கயிறு பிடிக்க, மாசாணன் குதித்தான். கொம்பையா தங்கமான மனுஷன். "இழுக்காதே" என்று மச்சான் மனசுக்குள் சொன்ன சொல்லுக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்ச நேரம் மூச்சை நிறுத்தியே வைத்தான். சங்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும்போது எறும்புகள் நறுக்கென்று கடித்தன. அவ்வளவுதான், கொம்பையா இழுத்த இழுப்பில் நெஞ்சு திமிறியது. மாசாணன் அலறியடித்து மேலே வந்து, தோணியைப் பிடித்துக்கொண்டு புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினான்.

"ஒரு முழந்தான்டி இருந்துச்சு! எவன்டி என்னை விடமாட்டேங்கிறவன்?"

பேச்சி அவன் பிடரியில் கை வைத்தாள். "உங்க மச்சான்" என்று நடந்ததைச் சொன்னாள். மாசாணன் அதன் பிறகு அந்தச் சங்கைத் தேடவில்லை.

அன்று கஞ்சி குடிக்கும்போது அவனுக்குப் புரை ஏறியது. பேச்சி ஓடிவந்து தலையில் தட்டி, "எங்கண்ணன் நினைக்கான்" என்றாள்.

அவர்கள் பிள்ளைகளுக்கும், அவர்கள் வழி வந்த நமக்கும், பிடரியில் ஆளும் கழுத்தில் எறும்பும் பிறக்கும்போதே வந்துவிடுகின்றன. அன்று முதல்தான், புரை ஏறினால் தலையில் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்கிறோம். யாரோ என்ன யாரோ! நமக்காகத் தூங்காமல் கிடக்கிறவன் பேரை மறந்துவிட்டோம், அவ்வளவுதான்.