பெருமிதம் கொள்ளும் தந்தை

ஏகாம்பரம் மடத்துக்கு வந்தபோது குரு கிணற்றடியில் கீரை அலசிக்கொண்டிருந்தார். குரு என்றால் தாடியும் தடியும் இல்லை. ஏகாம்பரத்தைவிட வயதில் மிக இளைய பெண். ஊரார் அவரை அம்மா என்று கூப்பிடுவார்கள். ஏகாம்பரமும் அப்படித்தான்.

மகன் பூவரசன் ரயில் நிலையக் குண்டுவெடிப்பில் இறந்த பிறகு அவர் இந்த மடத்துக்கு வரத் தொடங்கியவர். நாளைக்கு அந்த நாள். வருஷம் தவறாமல் அன்று நாடே கண்ணீரில் மிதப்பதாகத் தொலைக்காட்சிகள் சொல்லும். மிதக்கிற கண்ணீருக்குக் கீழே நகைக்கடை விளம்பரம் ஓடும். செத்தவர்கள் எல்லோரும் தாய்மண்ணுக்காக இன்னுயிர் ஈந்தவர்கள் ஆகிவிடுவார்கள். பூவரசன் நடைமேடைக் கடையில் போண்டா வாங்கப் போனவன். அதை எந்தச் சேனலும் சொல்லாது.

இந்த வருஷம் ஒரு சேனல் அவர் வீட்டிலிருந்தே நேரலை செய்யப்போகிறது. அவர் ஒரு வரி சொன்னால் போதுமாம். 'என் மகனை நாட்டுக்குக் கொடுத்ததில் பெருமைப்படுகிறேன்.'

"சொல்லட்டுமாம்மா?"

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

மனைவி செண்பகம் சொன்னதை அவர் அப்படியே ஒப்பித்தார். நான் யாருக்கும் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொண்டார்கள். அந்த வரியைச் சொல்லிவிட்டு என் முகத்தில் விழிக்காதீர்கள் என்றிருந்தாள்.

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். எதிர் வரிசையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் அதே குண்டுவெடிப்பில் மகளை இழந்தவர். போன வருஷம் அவரிடம் மைக்கை நீட்டியபோது, அன்றைக்கு நிலையத்தில் ஏன் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை என்று கேட்டுவிட்டார். அன்று மாலை சேனலில் நாலு பேர் கோட்டு போட்டு உட்கார்ந்து அவரைத் தேசத்துரோகி ஆக்கினார்கள். மறுநாள் கடையில் கல் விழுந்தது.

குரு கீரையை உதறினார்.

"நாளைக்கு நான் வரேன். அவங்க போன பிறகு கேளுங்க."

"போன பிறகு கேட்டு என்னம்மா பிரயோஜனம்?"

குரு கீரைக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஏகாம்பரம் எரிச்சலோடு வீடு திரும்பினார்.

மறுநாள் காலையிலேயே வண்டிகள் வந்துவிட்டன. செண்பகம் கூடத்தில் பூவரசன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் படைத்திருந்தாள். கேமராவுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. இலையைச் செருப்பு விடும் பக்கமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தேசியக் கொடியை நட்டார்கள். செண்பகம் இலையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குரு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். யாரோ உறவுக்காரப் பெண் என்று நினைத்து ஒதுங்கி உட்காரச் சொன்னார்கள். ஒதுங்கிக்கொண்டார்.

தொகுப்பாளினி கறுப்புப் புடவையில் வந்திருந்தாள். நல்ல பெண்தான். குரல் லேசாக உடையலாம், ஆனால் முடிக்கும்போது நெஞ்சை நிமிர்த்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

ஒத்திகையில் ஏகாம்பரம், "அவன் போண்டா வாங்கப் போனான்" என்றார்.

"அது வேண்டாம்யா," என்றாள் அவள் சிரித்துக்கொண்டே. "மக்களுக்கு ஒட்டாது."

நேரலையில் அவர் அந்த வரியைச் சொன்னார். நெஞ்சையும் நிமிர்த்தினார். 'பெருமிதம் கொள்ளும் தந்தை' என்று அவர் முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அந்த மளிகைக் கடை தெரியும்.

வேலை முடிந்ததும் வயர்களைச் சுருட்டினார்கள். கொடியையும் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வீட்டுக்கு வேண்டுமே. தொகுப்பாளினி கைகூப்பினாள்.

"போயிட்டு வரோம்யா. அடுத்த வருஷம் இன்னும் பெருசா பண்ணிடலாம்."

"நல்லதும்மா, போயிட்டு வாங்க," என்றார் ஏகாம்பரம். வாசல்வரை போய் வண்டி கிளம்பும்வரை நின்றார்.

திரும்பி வந்தபோது செண்பகம் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பார்வையில்தான் அவருக்கு உறைத்தது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். வீட்டுக்காரர்களும் போயிட்டு வாங்க என்று சொல்வதில்லை. மறுபடி நடக்கக்கூடாத காரியம் அது. திதி நாளிலும் அதே முறைதான்.

செண்பகம் மகன் படத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தப்படும் சத்தமும் தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன.

ஏகாம்பரம் குருவின் எதிரில் உட்கார்ந்தார். அந்த வரியைச் சொன்னதைவிட இதுதான் இப்போது அவரை அரித்தது. வாய் தவறி வந்துவிட்டது, பழக்கதோஷம் என்றார்.

"அவங்க சின்னப் பசங்க, முறை தெரியல. எனக்குமாம்மா தெரியாமப் போச்சு?"

"அவங்களுக்கும் தெரியும். அந்தப் பொண்ணு அவ சொந்த மாமன் செத்த வீட்டுல இப்படிச் சொல்லியிருக்க மாட்டா."

"அப்புறம் இங்க மட்டும் ஏன் சொன்னா?"

"துக்க வீட்டுலதானே சொல்லக் கூடாது? அவங்க வந்தது விசேஷ வீட்டுக்கு. நீங்களும் விசேஷ வீட்டுக்காரரா நின்னு அனுப்பி வெச்சீங்க."

குரு எழுந்தார். தாழிட்ட கதவின் முன் சற்று நின்றார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

ஏகாம்பரம் வாய் திறக்கவில்லை.