படகுக்கு ஒரு பாய்

நெடுங்கழியில் புத்திசாலிகளும் இருக்கிறார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நான் போகிற சமயமெல்லாம் அவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள். ஆகவே இருந்தவர்களைப் பற்றித்தான் சொல்ல முடியும்.

இருந்தவர்கள் நான்கு பேர்: வைத்திலிங்கம், ஐயாறு, பிச்சைக்கண்ணு, கலியன். முதல் மூவர் யோசிப்பார்கள். கலியன் தலையாட்டுவான். எதற்கும் ஆட்டுவான் என்பதால் அவர்கள் எடுக்கும் முடிவெல்லாம் ஏகமனதான முடிவுதான். வைத்திலிங்கத்தின் வீட்டுக் கூடத்தில் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை யோசனை நடக்கும். நடுநடுவே காபி வரும்.

ஒரு நாள் காபி வரவில்லை. வைத்திலிங்கத்தின் மனைவி தில்லைநாயகி வந்தாள்.

“நாலு பேரும் எங்கயாவது தண்ணியில போய் விழுங்க,” என்றாள். “எங்கண்ணன் உப்பளத்துல ஆள் கிடைக்காம தவிக்கிறாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வராரு. கண்ணுல பட்டீங்க, கையில மம்பட்டியக் குடுத்து இழுத்துட்டுப் போயிடுவாரு.”

உப்பளம் என்றதும் கலியனின் தலைகூட அசையவில்லை. வேலை என்பது அடுத்த வீட்டுக்காரர்களுக்கு வருகிற நோய் என்றுதான் அதுவரை அவர்கள் நினைத்திருந்தார்கள்.

“தண்ணியில விழறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல,” என்றான் ஐயாறு. “எவ்வளவு நேரம் விழணும்னு அண்ணி சொல்லலியே?”

“நாள் பூராவும் இருக்கும்,” என்றான் வைத்திலிங்கம்.

“நாள் பூரா விழுந்து கெடந்தா நனைஞ்சிடுமே மாப்ள?”

பிச்சைக்கண்ணு மோவாயைத் தடவினான். “தண்ணியில விழணும். நனையக் கூடாது. உக்காந்து பேச வசதியா இருக்கணும். அப்படின்னா தண்ணிக்கும் நமக்கும் நடுவுல எதையாவது போட்டுக்கிட்டுத்தான் விழணும்.”

மனித குலம் படகைக் கண்டுபிடித்தது இப்படித்தான் இருக்க வேண்டும். நெடுங்கழியில் அது இரண்டாவது முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது.

உப்பங்கழிக் கரையில் அருளப்பன் படகு விற்கிறார். பொறுமைசாலி. நால்வரும் அவரிடம் போய், நாள் முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்து பேசச் சின்னதாக ஒரு படகு வேண்டும் என்றார்கள். துடுப்புப் போடத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை என்பதையும் பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்கள்.

“அவசரப்படாதீங்க,” என்றார் அருளப்பன். “இதெல்லாம் நாலு பேரைக் கேட்டு வாங்கணும்.”

வைத்திலிங்கம் ஐயாற்றைக் கேட்டான். ஐயாறு பிச்சைக்கண்ணுவைக் கேட்டான். பிச்சைக்கண்ணு கலியனைக் கேட்டான். கலியன் வைத்திலிங்கத்தைப் பார்த்துத் தலையாட்டினான்.

“கேட்டாச்சு,” என்றார்கள்.

மணலில் இழுத்துப் போட்டிருந்த படகுகளில் முதலாவது ஊசிபோல ஒல்லி. “வேகம்னா அப்படி ஒரு வேகம்,” என்றார் அருளப்பன்.

“சீக்கிரமாப் போய்ச் சேந்துட்டா அதுக்கப்புறம் என்ன பண்றது?” என்றான் ஐயாறு. அருளப்பன் இத்தனை வருஷத் தொழிலில் இதை யோசித்ததில்லை.

இரண்டாவதில் சின்னதாக ஓர் அறையும் அதற்கொரு கதவும் இருந்தன. வைத்திலிங்கம் பின்வாங்கினான். “கதவு இருந்தா தட்டுவாங்க.”

“நடுத் தண்ணியில யாருங்க வந்து தட்டுவா?”

“உங்களுக்கு எங்க நாயகியைத் தெரியாது.”

மூன்றாவது அகலமான படகு. முதுகு சாயப் பலகை உண்டு. “இதுதான் உங்களுக்கு. என்ன ஆட்டினாலும் கவுறாது. அடி தட்டை, முழங்கால் தண்ணியிலயும் போகும். நாலு பேர் தாராளமா உக்காரலாம். ஏறி உக்காந்து பாருங்க.”

உட்கார்ந்தார்கள். பிறகு சாய்ந்தார்கள். பிறகு குறட்டை கேட்டது. அருளப்பன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தபோது எழுந்தார்கள்.

“அருமையான படகுங்க,” என்றான் பிச்சைக்கண்ணு. “இவ்வளவு நேரத்துல ஒரு குலுக்கல்கூட இல்ல.”

“இன்னும் தண்ணியிலயே இறக்கலீங்களே!”

“அதுக்கே இவ்வளவு சொகம்!”

அருளப்பன் பெருமூச்சு விட்டார். “சரி, ஞாயித்துக்கிழமை ஒரு நாள் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. படகு வெறும் பலகை. ஓட்டுறது பாய்தான். பாய் மட்டும் நல்லா அமைஞ்சா நீங்க காலை நீட்டி உக்காந்துக்கலாம். பழசானாலும் பரவால்ல, ஓட்டை இருக்கக் கூடாது. நல்லா உப்பணும். காத்து ரொம்ப ஆச்சுன்னா யோசிக்காம பாயை இறக்கிடணும்.”

யோசிக்காமல் என்று அவர் சொன்னது தேவையில்லாத எச்சரிக்கை. பலகைக்கு அடியில் மடித்து வைத்திருந்த பெரிய வெள்ளைத் துணியை அவர் எடுத்துக் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கும் என்று எந்தப் படகு வியாபாரிக்கும் தோன்றாது.

திரும்பி வரும் வழியில் வைத்திலிங்கம் கவலையோடு கேட்டான்: “நல்ல பாய்க்கு எங்கடா போறது?”

“டீக்கடை நெய்னா முகமது பாய் இருக்காரே! அவரைவிட நல்ல பாய் யாரு?”

“வயசாச்சே?”

“பழசானாலும் பரவால்லன்னுட்டாருல்ல.”

நேராக டீக்கடைக்குப் போனார்கள். ஐயாறு பணிவாகத் தொடங்கினான். “பாய், உங்ககிட்ட ஓட்டை எதாவது இருக்கா?”

நெய்னா பாய் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. “மூக்குல ரெண்டு இருக்கு தம்பி. போதுமா?”

“அது எல்லாருக்கும் உள்ளது. உப்புவீங்களா?”

“வாயுத் தொந்தரவு உண்டு. உருளைக்கெழங்கு தின்னா உப்பும். ஏன் கேக்குறீங்க?”

நால்வரும் ஒருவரையொருவர் பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டார்கள். படகுக்குப் பாய் அமைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. காசில்லாமல் கிடைக்கிற தமாஷை விடுவானேன் என்று நெய்னா பாயும் வந்தார். நால்வரும் அந்த வெள்ளைத் துணியைக் கண்டுபிடித்து, மெத்தைபோல மடித்துப் போட்டு, அதன்மேல் அமர்ந்தார்கள்.

“எனக்கு எடம் எங்க?” என்றார் பாய்.

“நாலு பேர்தான் உக்காரலாமாம். உங்களுக்குன்னு தனியா மரமே நட்டு வச்சிருக்கு பாருங்க. பாய்மரம்.”

பாய் மரத்தைப் பார்த்தார். அவர்கள் உட்கார்ந்திருந்த துணியைப் பார்த்தார். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் தமாஷ் முடிந்துவிடும். மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் உப்புவதற்காக உருளைக்கிழங்கு போண்டா கொண்டுவந்திருந்தார்கள். கழி நீர் வற்றிக் கடல் பக்கம் இழுக்கிற நேரம், படகு தானாகவே மெல்ல நகர்ந்தது. “போண்டா வேலை செய்யுதுடா!” என்று பிச்சைக்கண்ணு இன்னொன்றை ஊட்டினான். கரை பின்னால் போயிற்று. கால்களை நீட்டினார்கள். உப்பளத்தையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் நினைத்து மனமார இரக்கப்பட்டார்கள்.

அப்போது காற்று வீசியது.

“பாயை இறக்கு!” என்று கத்தினான் ஐயாறு.

“போண்டா குடுத்துக் கூட்டி வந்துட்டு நடுத் தண்ணியில இறக்குறது பாவம் இல்லையாடா?”

“பாவந்தான். ஆனா யோசிக்காம இறக்கச் சொன்னாரே. நீ யோசிக்கிறே பாரு.”

கண்ணீரோடு கும்பிட்டு இறங்கச் சொன்னார்கள். நெய்னா பாய் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. “போண்டாவுல உப்பு கம்மி,” என்று சொல்லிவிட்டுக் கரையை நோக்கி நடந்தார்.

“பாய் தண்ணிமேல நடக்குறாருடா!”

“மேல எங்க? முழங்கால் வரைக்கும் உள்ள போயிருக்காரே.”

“அப்ப அரைகுறை அற்புதம்.”

காற்று நின்றது. நீர் இன்னும் வற்றியது. படகு நட்டுவைத்ததுபோல நின்றது. பொழுது சாயும் நேரத்தில், கரையில் தில்லைநாயகிக்குப் பக்கத்தில் ஓர் உயரமான உருவம் வந்து நின்றது. வைத்திலிங்கம்தான் அதை முதலில் பார்த்தான்.

“மச்சான் வந்துட்டாருடா! படகை எடுங்கடா!”

“பாய் இல்லாம எப்படி எடுக்கிறது?”

நால்வரும் எழுந்து நின்று கரையைப் பார்த்துக் கதறினார்கள். “நாயகி! பாய் இல்ல! உடனே ஒரு பாய் அனுப்பு!”

“ராத்திரி அங்கயே படுக்கிறாங்களாமா?” என்றாள் தில்லைநாயகி. வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாயை எடுத்துவந்து அண்ணனிடம் கொடுத்தாள். “கொண்டுபோங்கண்ணே. உங்க உப்பளத்துல படுக்கவும் ஆகும்.”

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே வந்தார். “பாய் கேட்டீங்களாமே மாப்ள. இந்தாங்க.” சுருட்டிய பாயை உள்ளே போட்டார். படகின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளம் இருக்கும் திசையில் இழுக்கத் தொடங்கினார்.

உள்ளே நால்வரும் பாயைப் பயபக்தியோடு தூக்கிப் பாய்மரத்தோடு நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

“ரொம்ப ஒல்லியா இருக்காரே?”

“வாயே தொறக்கல.”

“புதுசுல்ல. கூச்சம்.”

பிச்சைக்கண்ணு மிச்சமிருந்த போண்டாவை நீட்டிப் பார்த்தான். “சாப்பிட மாட்டேங்குறாரு. நோன்பா இருக்கும்.”

நீர் மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. படகு சரசரவென்று நகர்ந்தது.

“போண்டாவே திங்காம என்னா ஓட்டு ஓட்டுறாரு பாத்தியா!”

“ஆனா மச்சான் நமக்கு முன்னாடி போறாரேடா?” என்றான் வைத்திலிங்கம்.

ஐயாறு எட்டிப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டினான். “மாப்ள, நாம தொரத்துறோம்! அவரு பயந்து ஓடுறாரு!”

“விடாதீங்க பாய்! விடாதீங்க!”

வாய்க்கால் வழியாக, வரப்பு ஓரமாக, மச்சான் மூச்சிரைக்க இழுக்க இழுக்க, நால்வரும் ஆரவாரத்தோடு துரத்திக்கொண்டே போனார்கள். உப்பளத்துக்குள் போய்த்தான் அவர் நின்றார். அங்கே சாத்தியிருந்த நான்கு மம்பட்டிகளை எடுத்து அவர்கள் முன்னால் போட்டுவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம், எப்படி வேர்த்திருக்கு பாரு,” என்றான் பிச்சைக்கண்ணு. “இனிமே நம்ம பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாரு.”

“அப்படி விட்டுட முடியாது,” என்றான் ஐயாறு, ஒரு மம்பட்டியை எடுத்துத் தோளில் சாய்த்தபடி. “நாம திரும்பினா இவரும் பின்னாலயே வந்துடுவாரு. ஆளுக்கொரு ஆயுதத்தை எடுத்துக்கிட்டு, வெளிய விடாம இங்கயே காவல் இருந்துடணும்.”

வைத்திலிங்கம் படகுக்குத் திரும்பிப்போய்ப் பாயை மெதுவாகக் கீழே சாய்த்தான்.

“நீங்க படுங்க பாய்,” என்றான். “ரொம்ப தூரம் ஓட்டிட்டு வந்திருக்கீங்க.”