மிச்சமாய் நின்ற கொக்கு

அந்தக் காலத்தில், பறவைகளின் வாயில் பேச்சு இருந்தபோது, கொக்குகள் எல்லாம் ஒரே கூட்டமாக ஒரே ஏரியில் வாழ்ந்தன. மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத பகா எண் அது. கொக்குகளுக்கு அதெல்லாம் தெரியாது. நமக்கே வாத்தியாரிடம் குட்டு வாங்கித்தான் தெரிந்தது.

கூட்டத்தில் சண்டைக்குக் குறைவில்லை. மீனுக்காக முறைத்துக்கொண்டு, "சரிபாதியாப் பிரிஞ்சிரலாம்" என்று இரண்டு கரையிலும் போய் நிற்கும். நடுவில் வெள்ளச்சி என்ற கொக்கு மட்டும் மீந்து நிற்பாள். "எங்க பக்கம் வா" என்று இரண்டு கரையும் அவளை இழுக்கும். இழுத்து இழுத்து அலுத்துப்போய், கடைசியில் சிரித்துவிடும். மூன்றாகப் பிரிய நினைத்தாலும், ஏழாகப் பிரிய நினைத்தாலும் இதே கதைதான்.

ஒருநாள் வாத்துகள் சீராக வரிசை கட்டிப் பறந்துபோயின. அதைப் பார்த்ததும் கொக்குகளின் தலைவன் நெடுங்காலனுக்கு ஆசை வந்துவிட்டது. தன் கூட்டத்தை இரண்டிரண்டாக நிறுத்தினான். வெள்ளச்சி மீந்தாள். மும்மூன்று, நந்நான்கு என்று பத்துப் பத்து வரை நிறுத்திப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அவள் ஒருத்திதான் தனியாக நின்றாள். வாத்துகள் கேலியாகச் சிரித்தன.

"உன்னாலதான் தாயி வரிசை கெடுது," என்றான் நெடுங்காலன்.

வெள்ளச்சியின் முகம் சுண்டிவிட்டது. "நான் வேணா ஏரிக்குப் பக்கத்துல இருக்கிற குட்டையில நிக்கிறேன் அண்ணே. நீங்க போங்க. அப்புறம் கூப்பிடுவீங்கல்ல?"

"கூப்பிடாம இருப்பனா? ஒரு காலைத் தூக்கியே வச்சுக்க. குரல் கேட்டதும் கெளம்பிரலாம்."

மற்ற கொக்குகள் பத்துப் பத்தாக, பிசிறில்லாமல் பறந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளச்சி குட்டையில் இறங்கி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

அன்று மாலையே மீன் சண்டை வந்தது. வழக்கம்போல் சரிபாதியாகப் பிரிந்து நின்றன. இழுப்பதற்கு நடுவில் யாரும் இல்லை. ஆயிரத்து இருநூற்று அறுபது கொக்குகள் கிழக்கே போயின. அதே அளவு மேற்கே போயின. கிழக்கே போனவை அடுத்த மீனுக்கு மூன்றாகப் பிரிந்தன, மேற்கே போனவை ஏழாக. எப்படிப் பிரித்தாலும் கணக்கு சரியாகவே வந்தது. சில நாளில் எல்லாமே தனித்தனியாகிவிட்டன.

நெடுங்காலனும் பேர் தெரியாத ஒரு வாய்க்காலில் தனியாக இறங்கினான். அப்போதுதான் அவனுக்கு வெள்ளச்சியின் நினைவு வந்தது. கூப்பிட வெட்கமாக இருந்தது. அவளே கூப்பிடட்டும் என்று அவனும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அன்று தொடங்கியதுதான்: குட்டைக்கு ஒன்றாக, வாய்க்காலுக்கு ஒன்றாகக் கொக்குகள் பகலெல்லாம் ஒற்றைக் காலில் நிற்கின்றன, மீந்துபோனது தான் மட்டும்தான் என்று ஒவ்வொன்றும் நினைத்துக்கொண்டு.