சாய்ந்த ஜாக்கி

கார் இருந்தால் மட்டும் போதாது, அதன் தலைமேல் எதை ஏற்றிக்கொண்டு வருகிறோம் என்பதையும் ஊர் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்ட ஒரு காலத்தில், ஒரு சிவப்புக் காரின் டிக்கிக்குள் ஒரு ஜாக்கி குடியிருந்தது.

காரைத் தூக்குவது அதன் வேலை. அந்த வேலைக்கு அதை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் கிடந்து, மேலே வந்து விழும் பைகளின் பேச்சைக் கேட்டே அதன் காலம் போனது. அந்தப் பேச்சிலும் கேட்கத் தகுந்தது என்று பெரிதாக எதுவும் இல்லை.

காரின் சொந்தக்காரர் தவசி, தேனி ரோட்டில் டீக்கடை வைத்திருந்தார். அன்று அவர் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் வந்து மடியில் உட்கார வைத்த பிறகுதான் பிள்ளையின் காதில் ஊசி படும். அவர் போக வேண்டியது அந்த மடிக்காகத்தான். ஆனால் தவசியின் நினைப்பு மடியில் இல்லை. போன மாதம் அதே வீட்டில் தங்கையின் ஓரகத்தி மகளுக்குக் காதுகுத்து நடந்தது. அந்தப் பிள்ளையின் மாமன் டெம்போவில் சீர் கொண்டுவந்து, மேளம் அடித்து, வெடி போட்டுத் தெருவையே வாசலுக்கு வரவழைத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து தவசிக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கு மருந்தாக ஒரு பித்தளை அண்டா வாங்கினார்.

பெரிய அண்டா. புளி போட்டுத் தேய்த்ததில் பார்த்தவர் முகத்தை அகலமாக்கிக் காட்டியது. தன்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டதாக அண்டா நம்பியது. தவசியும் நம்பினார்.

"கனமானதை டிக்கியில அடியில வைங்க" என்றாள் அவர் மனைவி செல்வமீனா. "முறுக்கு டின்னு லேசா இருக்கு. அதை மேல கட்டிக்கலாம்."

"முறுக்கு டின்ன மேல கட்டிக்கிட்டுப் போனா சீர் வருதுன்னு எவன் சொல்லுவான்? பலகாரக்கடைக்காரன் வாரான்னுதான் சொல்லுவான்."

அதோடு விடவில்லை. வெறும் பாத்திரத்தைச் சீராகக் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு பிடி அரிசி போட்டால் வழக்கம் நிறைவேறிவிடும். தவசி ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டி அண்டாவின் வாயைத் துணியால் கட்டினார். இரண்டு ஆட்கள் மூச்சுப் பிடித்துத் தூக்கி, காரின் கூரைமேல் இருந்த கேரியரில் ஏற்றினார்கள். ஒரு நைலான் கயிறு அதைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுப் போனது.

"நாலு பக்கமும் இழுத்துக் கட்டச் சொல்லுங்கக்கா" என்றது கயிறு. "இந்த ஒரு சுத்துல உங்களை நான் எப்படிப் பிடிச்சு வைக்கிறது?"

"நாலு பக்கமும் நீ சுத்திக்கிட்டா என் மினுமினுப்பு எப்படித் தெரியும்?" என்றது அண்டா. "தள்ளி நில்லு."

கீழே இருந்து இடது பின்டயர் முனகியது. "அக்கா, எனக்குக் காத்துக் கொறைவா இருக்கு. இம்புட்டுக் கனம் ஆகாது."

"உன் வயித்துல காத்து. என் வயித்துல அரிசி. யாரு யாருக்குப் புத்தி சொல்றது?"

டிக்கிக்குள் இருந்த ஜாக்கிக்குச் சிரிப்பு வந்தது. அதன்மேல் வாழைத்தாரும் டின்களும் பழத்தட்டுகளும் ஏறி உட்கார்ந்ததில் சிரிப்பு நின்றுபோனது.

கார் புறப்பட்டது. வளைவுகளில் அது பாரம் சுமந்த கழுதைபோல் ஆடியது. வழியில் ஒரு கடைவாசலில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். எப்போது விழும் என்றுதான் பார்த்தார்கள். அண்டா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டது.

கணவாய் ஏறுவதற்கு முன் பின்டயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். கார் ஒரு பக்கமாக நொண்டி, மழையில் ஊறியிருந்த சாலையோர மண்ணில் போய் நின்றது.

தவசி கடிகாரத்தைப் பார்த்தார். இறங்கி வந்து டிக்கியைத் திறந்தார்.

"எல்லாத்தையும் இறக்கி வச்சிட்டு மாத்துங்க" என்றாள் செல்வமீனா.

"ஏத்துன சீரை நடுவழியில தரையில வைக்கிறதா? நாளைக்கு என் தங்கச்சி வீட்டுல ஒண்ணுன்னா எவன் பதில் சொல்றது?"

"மேல இருக்குற அந்தக் கொப்பரையை மட்டுமாவது."

"அதுதான்டி சீரே!"

ஆகவே வாழைத்தார் செல்வமீனாவின் மடிக்குப் போனது. டின்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் ஏறின. தட்டுகள் முன்சீட்டில் உட்கார்ந்தன. தரையில் வைக்கப்பட்டது இரண்டே பொருள்கள், ஸ்டெப்னியும் ஜாக்கியும். அவற்றைச் சீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜாக்கி இத்தனை காலம் காத்துக் கிடந்த நாள் வந்துவிட்டது. நிமிர்ந்து நிற்க வேண்டும், காரைத் தூக்க வேண்டும், "நல்ல ஜாக்கிப்பா" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தவசி அதைக் காருக்கு அடியில் வைத்துச் சுற்றத் தொடங்கியதும் அதன் தலை வண்டியின் இரும்பில் முட்டியது. பாரம் இறங்கியது. அப்போதுதான் ஜாக்கி தன் காலைப் பார்த்தது. கால் சேற்றில் இருந்தது.

"அக்கா" என்று மேலே கூப்பிட்டது. "கொஞ்சம் இறங்கி நில்லுங்க. தூக்கி முடிச்சதும் ஏறிக்கலாம்."

"யாருடா அது?"

"நான்தான், ஜாக்கி."

"குள்ளப் பயலே, தூக்குறது உன் வேலை. இறங்குறது என் வேலை இல்ல. இறங்குறதுக்கா என்னை இவ்வளவு பாடுபட்டு ஏத்துனாங்க?"

"எனக்குக் கீழ மண்ணு நெகிழுது."

"மண்ணு நெகிழுதுன்னா அது மண்ணோட குறை. நீ நிமிர்ந்து நில்லு."

மண்ணின் குறையை மண்ணிடமே விட்டுவிட்டு ஜாக்கி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தது. பின்டயர் தரையை விட்டுச் சாண் உயரம் மேலே வந்தது. அதன்பிறகுதான் தவசி நட்டுகளைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார்.

"தரையில இருக்கும்போதே என்னைப் போட்டு நெகிழ்த்தியிருக்கணும்" என்றது ஸ்பேனர். "இப்ப அழுத்தினா வண்டியே ஆடும்."

வண்டி ஆடியது. தவசி ஸ்பேனரின்மேல் ஏறி மிதித்தார். வண்டி இன்னும் ஆடியது. உள்ளே வாழைத்தாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த செல்வமீனா, "ஏங்க, என்னை இறங்கவாவது விடுங்க" என்று கத்தினாள். "இந்தா முடிஞ்சிருச்சு" என்றார் தவசி. எதுவுமே முடியவில்லை. ஒரே ஒரு நட்டு கழன்று, கைதவறி உருண்டு, தூக்கிய டயருக்கும் தரைக்கும் நடுவே போய் நின்றது.

தவசி மண்டியிட்டார். பிறகு படுத்தார். வேட்டி சேறானது. வலது கையை நீட்டினார்.

ஜாக்கி அந்தக் கையைப் பார்த்தது. வெயிலில் கறுத்த, கொதிக்கும் பாலைக் கிளாசுக்குக் கிளாஸ் வீசி ஆற்றிய கை. தன் கால் ஒரு பக்கமாகப் புதைந்துகொண்டே போவது ஜாக்கிக்குத் தெரிந்தது. முக்கி நின்றால் இன்னும் ஒரு மூச்சு நேரம் நிற்கலாம். அந்த ஒரு மூச்சில் கை முழங்கைவரை உள்ளே போய்விடும்.

"விறைப்பா நில்லுடா!" என்று மேலிருந்து அண்டா அதட்டியது. "மானத்தை வாங்கிராத!"

விழப்போவது உறுதி. எப்போது விழுவது என்பது மட்டும்தான் ஜாக்கியிடம் மிச்சமிருந்தது.

கை நட்டைத் தொட இன்னும் ஒரு முழம் இருக்கும்போது ஜாக்கி தானாகவே சாய்ந்தது.

கார் தடாலென்று இறங்கியது. டயர் சேற்றில் அறைந்து தவசியின் முகத்தில் சேற்றை வாரி அடித்தது. கயிறு அண்டாவை விட்டது. அண்டா பின்பக்கமாகச் சரிந்து, தார்ரோட்டில் விழுந்து, துணி அவிழ்ந்து, ஒரு மூட்டை அரிசியையும் கக்கிவிட்டுக் குப்புறக் கவிழ்ந்தது. அதன் வயிற்றில் ஒரு பெரிய நெளிவு. மைனாக்கள் எங்கிருந்தோ வந்து இறங்கின. சீர் தரையைத் தொட்டதைப் பற்றி அவை கவலைப்படவில்லை.

"போச்சு! சீரே போச்சு!" என்று தவசி தலையில் அடித்துக்கொண்டார். "மட்டமான ஜாக்கி. சனியன், நேரம் பாத்துச் சாஞ்சிருச்சு."

செல்வமீனா கதவைத் திறந்து, வாழைத்தாரைத் தரையில் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "கையைக் காட்டுங்க. விரலெல்லாம் இருக்கா?"

தவசி தலையில் இருந்த கையை எடுத்துப் பார்த்தார். இருந்தது. இருப்பதைப் பற்றி அவருக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

விழ வேண்டியது விழுந்துவிட்டதால் வழக்கத்துக்கு இனி வேலை இல்லை. செல்வமீனா எல்லாவற்றையும் இறக்கினாள். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தாள். எங்கிருந்தோ ஒரு பலகைக்கல்லைப் புரட்டிக் கொண்டுவந்து ஜாக்கியின் காலடியில் போட்டாள். "நட்டெல்லாம் இப்பவே நெகிழ்த்துங்க. தூக்குறது அப்புறம்." ஜாக்கி எழுந்தது. தலைமேல் கார் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. டயர் மாறியது. அண்டா டிக்கியின் அடியில் படுத்தது. முறுக்கு டின்கள் கூரைக்குப் போயின. கார் அதன்பிறகு ஆடவில்லை.

டிக்கியின் இருட்டில் அண்டா ஜாக்கியிடம் ஒரே ஒரு முறை, "உன்னாலதான்" என்றது.

நல்ல நேரம் தப்பவில்லை. தெருவில் நின்ற காருக்குள் கிடந்தபடி ஜாக்கி எல்லாவற்றையும் கேட்டது. மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்ததும், "தலை ஆடாமப் பிடிங்க, ரெண்டு கையாலயும் பிடிங்க" என்று யாரோ சொன்னதும், பிள்ளை வீறிட்டு அழுததும், பிறகு எல்லோரும் சிரித்ததும் கேட்டது. ஜாக்கி கொஞ்ச நேரம் அதற்காகச் சந்தோஷப்பட்டது. அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் காற்றுப்போன டயர்தான் இருந்தது. அது தூங்கிவிட்டது.

வீட்டுக்குள், நெளிவு சுவர்ப்பக்கம் இருக்கும்படி அண்டாவைத் திருப்பி வைத்திருந்தார்கள். சுற்றியிருந்த தவலைகளும் குடங்களும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. "பார்த்தேன், மனுசன் கையை உள்ள விடுறாரு. இனி பொறுக்க முடியாதுன்னு நானாத்தான் குதிச்சேன்" என்றது அண்டா. குடங்கள் உச்சுக்கொட்டின.

வாசலில் தவசியும் அதே கதையை வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மட்டமான ஜாக்கி மட்டும் சாயலேன்னா..." என்று நல்லபடியாக இருந்த வலது கையை வீசி வீசிச் சொன்னார்.

மறுவாரமே அந்த ஜாக்கியை உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோனார். பழையதைக் கல்லா மேசைமேல் போட்டுவிட்டு, "இதைவிட நல்லா நிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்றார். கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு புது ஜாக்கியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அது எண்ணெய்ப் பளபளப்போடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தது.

"சேத்துல நிறுத்தினா என்ன செய்வ?" என்று பழையது மெல்லக் கேட்டது.

"நிப்பேன்."

"மேல மூட்டை மூட்டையா ஏத்தியிருந்தா?"

"அப்பவும் நிப்பேன்."

"கீழ ஒருத்தர் கை வந்தா?"

"கையைப் பத்தி எனக்கு என்ன? கடைசிவரைக்கும் நிமிர்ந்து நிப்பேன். சாஞ்சேன்னு என்னை ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க."

தவசி அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.