குப்பையில் கிடந்த தங்கம்

வேலங்குளத்தில் இரண்டு வருஷமாக மழையில்லை. பஞ்சத்துக்கென்று ஊரார் சேர்த்த நெல் களஞ்சியத்தில் இருந்தது, சாவி ஜமீன்தார் ரத்தினவேலிடம் இருந்தது. கேட்டால், "எல்லாம் எலி தின்னுடுச்சு. நானே கூழ்தான் குடிக்கிறேன்" என்பார்.

"பொய்" என்று ஊர்க்கூட்டத்திலேயே சொல்லிவிட்டாள் ஒச்சம்மா. ஜமீன் வீட்டுக் கொல்லையில் குப்பை அள்ளுகிறவள்.

ஜமீன்தாருக்கு மீசை துடித்தது. "என் வாசப்படி மிதிக்காத கழுதை, நான் திங்கறதைக் கண்டியோ? நாளைக்கே நிரூபி. இல்லேன்னா ஊரைவிட்டு ஓடு!"

மறுநாள் மூடிய கூடையோடு ஊர்க்கூட்டத்தின் முன் வந்து நின்றாள்.

"என்னடி அது?"

"உங்க வீட்டுக் குப்பைங்க, சாமி."

"எவன் வீட்டுக் குப்பையையோ அள்ளிட்டு வந்து என் தலையில கட்டப் பார்க்கிறா!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"சரிங்க. உங்களுது இல்லேன்னா நானே வச்சுக்கிறேன். இதுல தங்கம் கிடந்தாலும் எனக்குத்தானே?"

ஜமீன்தார் துள்ளி எழுந்தார். "தங்கமா? இந்த ஊர்ல வேற எவன் வீட்டுலடி தங்கம் இருக்கு? என் கொல்லையில அள்ளினதுதான் அது. வை கீழே!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று கூடையைக் கவிழ்த்தாள்.

சோறு ஒட்டிய எச்சில் இலைகள் விழுந்தன. கூடவே ஒரு கிழிந்த சாக்கு. அதன்மேல் ஊர்க் களஞ்சியத்தின் முத்திரை.

"தங்கம் எங்கடி?" ஜமீன்தார் குனிந்து இலைகளைக் கிளறினார்.

"கிடந்தா யாருக்குன்னுதான் கேட்டேன். கிடக்குதுன்னு சொன்னேனா?" ஒச்சம்மா கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. உலை வைக்க நேரமாச்சு."