அம்பது திருப்பு

நீலமேகம் வீட்டுப் பழைய ஸ்டீரியோ ரிசீவருக்கு அவரைப் போலவே வீம்பு. நினைத்தால் இடது பக்கம் பாடும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். மனைவி கோமதி துணியால் துடைத்துக் கெடுத்துவிட்டாள் என்று நாலு மாதமாக அவளுக்குத்தான் திட்டு.

ரேடியோ ரிப்பேர் பார்க்கும் தெரசம்மாளைக் கூப்பிட்டார். அவள் கடை இருந்ததும் அவர் கட்டடத்தில்தான்.

"மூடியைத் திறக்கக் கூடாது. ஆனா சரியாகணும். ஆகலேன்னா கடையைக் காலி பண்ணு. நான் வச்ச வால்யூமைப் பன்னிரண்டு வருஷமா எவனும் தொட்டதில்ல, தெரியுமா?"

தெரசம்மாளுக்கு அது போதும்.

"அப்ப நானும் தொடலீங்க ஐயா. கரண்டை நிறுத்திட்டு, அந்த வால்யூம் திருகை நீங்களே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அம்பது தடவை திருப்புங்க."

வேர்த்து விறுவிறுத்துத் திருப்பினார். கரண்ட் போட்டதும் இரண்டு பக்கமும் நாதஸ்வரம் கணீரென்று கிளம்பியது.

"என்ன மாயம் இது?"

"திருப்பாத திருகுக்குள்ள அழுக்கு படியும் ஐயா. திருப்பினா அந்த அழுக்கு தேய்ஞ்சு போயிடும். அம்மா வெளியேதான் துடைச்சாங்க. உள்ளே படிய விட்டது நீங்க."

அதற்கப்புறம் அவர் கடையைப் பற்றி மூச்சு விடவில்லை. கோமதி தெரசம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருப்பே தாயி. என் பழி போச்சு."

சூடாகப் பணியாரம் வந்தது, முழுத் தட்டும் தெரசம்மாளுக்கு.

"எனக்கு?" என்றார் நீலமேகம்.

"திருப்பின கை வலிக்குமே, கொஞ்சம் ஆறட்டும்," என்றாள் கோமதி.